மறைந்திருப்பதைத் திறப்பதா, மூடியே வைப்பதா: ஒரு பழைய வண்ணாரப்பேட்டை வீட்டின் கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் 2004-இல் வாங்கிய வீட்டின் கூடத்தில், ஃபால்ஸ் சீலிங்கின் நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. ஒரே வாரத்தில் அது தாம்பாளம் அளவுக்கு விரிந்தது. எலக்ட்ரீஷியன் மின்விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு, ஜிப்சம் பலகையில் ஒரு சதுரத்தை அறுத்து எடுத்தார். ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகைக்கு மூன்றடி மேலே வரிசையாகத் தேக்குக் கட்டைகள் ஓடின. அவற்றின்மேல் மெல்லிய செங்கற்கள் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சாய்ந்த வரிசைகளாக நின்றன. இருபது ஆண்டுகளாக அதன் கீழேதான் படுத்து எழுந்திருக்கிறோம். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தது. கூடத்தின் நடுவில் சன்மைக்கா ஒட்டிய நான்கு தூண்கள் ஏன் சதுரமாக நிற்கின்றன, அந்தச் சதுரத்துக்கு மேல் மட்டும் ஏன் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்டிருக்கிறது, மாடிப்படிக்குக் கீழே டைல்ஸ் முடிகிற இடத்தில் தெரியும் சிவப்பு என்ன, வாசல் நிலையின் வலப்பக்கத்துச் சுவர் தட்டினால் ஏன் பொத்தென்று ஒலிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினோம். பழுதுபார்ப்பு வேலையை ஆரம்பித்த பிறகு, கடந்த ஓராண்டில் அவற்றுக்கெல்லாம் விடை கிடைத்துவிட்டது. கிடைத்தவற்றை என்ன செய்வது என்பதே கடினமான கேள்வியாக இருந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, மண்ணடிப் பகுதிகளில் பழைய வீடு வைத்திருப்போருக்கு இதே கேள்வி எழும் என்பதால், நாங்கள் எடை போட்டுப் பார்த்த வழிகளை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதா என்பது வேறு கேள்வி. அதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மறைந்திருக்கும் ஒரு பழைய அம்சம் தெரிய வந்தால், நம் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. முழுவதும் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஒரு பகுதியை மட்டும் திறந்துவிட்டு மற்றதை அப்படியே விடலாம். பார்த்து, பழுதை நீக்கி, மறுபடி மூடிவிடலாம். அல்லது அந்தப் பொருளைக் கழற்றி வேறிடத்தில் பயன்படுத்தலாம், விற்கலாம். இந்த நான்கில் எது சரி என்பதைப் பொருளின் அழகை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதுதான் இந்த ஓராண்டில் நான் கற்றுக்கொண்டது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை ஏன் மூடினார்கள் என்பது. சில பொருள்களைக் காலத்தின் மோகத்தால் மூடியிருப்பார்கள்; மொசைக் வந்தபோது சிவப்புத் தரை பழசாகத் தெரிந்திருக்கும், விட்ரிஃபைட் டைல்ஸ் வந்தபோது மொசைக் பழசாகத் தெரிந்திருக்கும். வேறு சிலவற்றை ஒரு நோயை மறைக்கவே மூடியிருப்பார்கள். மோகத்தால் மூடியதைத் துணிந்து திறக்கலாம். நோயால் மூடியதைத் திறந்தால் அந்த நோயையும் நாம்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கையில் காசும் காலமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே உளியை எடுக்க வேண்டும்.

எங்கள் மேஸ்திரி சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய தலைமுறைக்காரர். முதல் நாளே அவர் சொன்னது: “எல்லாத்தையும் ஒரேயடியா பேத்துடாதீங்க சார். ஒவ்வொண்ணுலயும் ஒரு மூலைய மட்டும் எடுத்துப் பாப்போம். அது என்னா சொல்லுதுன்னு கேட்டுட்டு அப்புறமா பேசலாம்.” அந்த ஒரு மூலை யோசனை எங்களுக்குப் பல லட்சம் ரூபாய் செலவைத் தவிர்த்தது என்றே நினைக்கிறேன். கதவுக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில், மாடிப்படியின் கீழே என்று கண்ணில் படாத இடங்களில் ஓர் அடிக்கு ஓர் அடி திறந்து பார்த்தோம்.

கூரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தண்ணீர் அங்கிருந்துதான் இறங்குகிறது. கூரையைச் சரி செய்யாமல் கீழே செய்யும் எந்த வேலையும் நிற்காது. எங்கள் வீட்டில் இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை ஏறக்குறைய ஒன்றரை அடி இடைவெளியில் சுவரின்மேல் கிடத்தி, அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துக்கல்லாக மூலைவாட்டில் வைத்துக்கொண்டே போவார்கள். மூலைவாட்டில் வைப்பதால் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின்மேல் சாய்ந்து பிடித்துக்கொள்கிறது. கீழே சாரம் முட்டுக் கொடுக்காமலே வேலை ஓடும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓட்டைப் பதிப்பார்கள். இப்படிக் கட்டிய தளம் ஒழுகாமல் தலைமுறைகள் தாண்டி நிற்கும்.

எங்கள் தளம் ஒழுகியதற்குக் காரணம், முந்தைய உரிமையாளர் காலத்தில் தட்டோட்டின்மேல் சிமென்ட் கலவையைப் பரப்பி அதன்மேல் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்ததுதான். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் சுண்ணாம்புத் தளத்தோடு இறுக்கமான சிமென்ட் சேர்ந்து அசையாது. அதில் விழுந்த கோடுகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே வர வழியின்றி ஜல்லியிலேயே தங்கியிருக்கிறது. கீழே கறை தெரிந்தபோது அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங் வந்திருக்கிறது. ஆக, இந்த மூடலுக்குக் காரணம் நோய்.

முதல் வழி, ஃபால்ஸ் சீலிங்கை முழுதும் எடுத்துவிட்டுக் கட்டைகளையும் செங்கல்லையும் வெளியே காட்டுவது. கூடம் ஒன்பதடியிலிருந்து பன்னிரண்டடிக்கு உயர்கிறது. சித்திரை மாத வெப்பத்தில் அந்த மூன்றடி எவ்வளவு உதவுகிறது என்பதைச் சொல்லி முடியாது. அடுத்த முறை ஒரு சொட்டு நீர் இறங்கினாலும் அன்றே கண்ணில் படும். இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய செங்கல் இடுக்கிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல. மின் கம்பிகளைச் சுவரோரமாகக் குழாயில் இழுக்க வேண்டும். ஏ.சி. போட்ட அறையில் குளிர்விக்க வேண்டிய காற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டாவது வழி, பழுதை மேலிருந்து சரி செய்துவிட்டுப் புதிய ஃபால்ஸ் சீலிங் போடுவது. செலவு குறைவு, வீடு சுத்தமாக இருக்கும், ஆனால் மறுபடி கண்ணைக் கட்டிக்கொள்கிறோம். மூன்றாவது வழி, கூடத்தில் மட்டும் திறந்துவிட்டு, படுக்கையறைகளில் ஃபால்ஸ் சீலிங்கை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையிலும் கட்டையின் முனைகள் சுவரில் புதையும் இடத்துக்கு நேராக, கையால் தூக்கித் திறக்கிற ஒரு பலகையை வைப்பது.

நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம். கட்டைகளின் நடுப்பகுதி அல்ல, முனைதான் முதலில் கெடுகிறது என்பதே காரணம். சுவர் ஈரமாக இருந்தால், சுவருக்குள் புதைந்த ஓர் அடி மரம் மூச்சு விட முடியாமல் உளுத்துப்போகும். வெளியே தெரியும் பகுதி கல் போல் இருக்கும். மேஸ்திரி ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து முனைக்கு அருகில் அழுத்தினார். பதினொரு கட்டைகளில் அது வழுக்கிக்கொண்டு போனது. பன்னிரண்டாவதில், எந்த எதிர்ப்பும் இல்லாமல் மரப்பிடி வரை இறங்கியது. வெளியே எடுத்தபோது அதன் முனையில் காபித்தூள் போல ஒரு பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது. அந்த அறையில்தான் என் மகள் படுப்பாள். மறுநாளே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்தோம். கெட்ட முனையை அறுத்துவிட்டுப் பக்கவாட்டில் புதுத் தேக்கைச் சேர்த்து போல்ட் போடலாம், அல்லது சுவரோரமாகக் கட்டையின் கீழே இரும்புச் சட்டம் கொடுக்கலாம் என்றார். கடற்காற்று படும் இந்தப் பகுதியில் இரும்பு துருப்பிடித்துவிடும் என்பதால் மரத்தையே சேர்த்தோம். திறக்கும் ஆசை இல்லாதவர்கள்கூட, முனைகளை ஒருமுறை பார்த்துவிட்டாவது மூடுங்கள்.

மேல்தளத்தில் டைல்ஸையும் சிமென்ட்டையும் எடுத்துவிட்டு, தட்டோட்டின் இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்புக் கலவையால் அடைத்தோம். இதைத் தை பிறந்த பிறகு தொடங்கி வெயில் காலத்துக்குள் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், இடையில் மழை வந்தால் வேலை வீண். போர் தண்ணீரில் கலவை போடக் கூடாது. கடலோரத்தில் அது உப்பாக இருக்கும், உப்பு மறுபடி சுவரில் பூக்கும். குடிக்கிற மெட்ரோ தண்ணீர்தான் வேண்டும். அது கிடைப்பதற்காக இரண்டு நாள்கள் வேலையை நிறுத்தியும் வைத்தோம்.

அடுத்தது தரை. டைல்ஸுக்கு அடியில் ரெட் ஆக்சைடு தரை இருக்கிறது என்று தெரிந்ததும் என் மனைவி, எல்லா அறைகளிலும் டைல்ஸைப் பெயர்த்துவிடலாம் என்றார். எனக்கும் அதே ஆசை. கூடத்தில் பீரோவை நகர்த்தி ஒரு டைலை எடுத்துப் பார்த்தோம். கீழே சிவப்புத் தரை இருந்தது, ஆனால் அம்மி கொத்தியது போல இரண்டங்குலத்துக்கு ஒரு கொத்து விழுந்திருந்தது. புதுக் கலவை பிடிக்க வேண்டும் என்பதற்காக, டைல்ஸ் போட்டவர்கள் பழைய தரையை உளியால் கொத்தியிருக்கிறார்கள். ரெட் ஆக்சைடு மெருகு, தரையின் மேல் உள்ள அரை அங்குலத்துக்கும் குறைவான அடுக்கில் இருப்பது. அது ஒருமுறை கொத்துப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. அடைத்தால் அடைத்த இடம் திட்டுத் திட்டாகத் தெரியும், நிறம் ஒட்டவே ஒட்டாது. கொத்தியவர்கள் மேல் கோபம் வந்தது உண்மை, ஆனால் அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

பின்னறையில் கதை வேறாக இருந்தது. அங்கே டைல்ஸ் போட்டவர் தரையைக் கொத்தாமல், மணல் தூக்கலான கலவையை நேராகக் கொட்டிப் பதித்திருந்தார். பூச்சட்டி கவிழ்ப்பது போல டைல்ஸ் முழுசாக எழுந்து வந்தது. அடியில் இருந்த தரையை ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தபோது, ஜன்னல் கம்பிகளின் நிழல் அதில் விழுந்தது தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே காலத்தில் போட்ட தரைகளுக்கு இரண்டு விதமான முடிவு. அதனால் தரையைப் பொறுத்தவரை வீட்டுக்கு ஒரு முடிவு என்பது கிடையாது, அறைக்கு ஒரு முடிவுதான். கொத்துப்படாத அறையில் தயங்காமல் திறக்கலாம். மெஷின் பிரேக்கர் வேண்டாம், கையால் உளி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கொத்துப்பட்ட அறையில் திறப்பதென்றால், அது திறப்பது ஆகாது, புதிதாக ரெட் ஆக்சைடு போடுவது ஆகும். அதை நன்றாகப் போடத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் செய்யலாம். கிடைக்காவிட்டால் இருக்கும் டைல்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். கூடத்தில் நாங்கள் டைல்ஸை விட்டுவிட்டோம்.

மாடி அறையில் மட்டும், கீழே என்ன இருந்தாலும் டைல்ஸை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அதற்குக் காரணம் எடை. ஒன்றரை அங்குலக் கலவையும் டைலும் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. 200 சதுர அடி அறை என்பது ஏறக்குறைய 18.5 சதுர மீட்டர். அப்படியானால் அந்த ஓர் அறைத் தரையில் மட்டும் 1,800 கிலோவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். அதைத் தாங்குவது அந்தத் தேக்குக் கட்டைகள்தான். அங்கே ரெட் ஆக்சைடு தரை நல்ல நிலையில் கிடைக்கவில்லை. இருந்தும் அதன்மேல் மறுபடி கனமான எதையும் போடாமல், கொத்துகளை மெல்லிய கலவையால் அடைத்துவிட்டுப் பாய் விரித்திருக்கிறோம்.

சுவரில்தான் அதிகம் யோசித்தோம். இந்தப் பகுதியின் பழைய சுவர்கள் செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சேர்ந்தவை. சிமென்ட்டுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் இதே வண்ணாரப்பேட்டையில், கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு நடந்தது; அது நீடிக்கவில்லை. பிற்பாடு சிமென்ட் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், சுண்ணாம்புச் சுவர்களின்மேல் சிமென்ட் பூசுவது வழக்கமாயிற்று. எங்கள் வீட்டில் கீழ்த்தளச் சுவர்களில் நான்கடி உயரம் வரை சிமென்ட் பூசியிருந்தார்கள். ஓதம் ஏறி வண்ணம் பொரிந்து கொட்டியதை நிறுத்தத்தான் அப்படிச் செய்திருப்பார்கள். அது நிற்கவில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பு சுண்ணாம்புப் பூச்சின் வழியாகக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது; சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் இன்னும் மேலே ஏறி, நான்கரை அடியில் கோடு போட்டது போல வெளிவந்தது. சிமென்ட்டுக்குப் பின்னால் உப்பு படிகமாகி அதை உள்ளிருந்து தள்ளியது. தட்டினால் பொத்தென்று ஒலித்ததற்கு அதுவே காரணம்.

நான்கடிக்கு மேலே, டிஸ்டம்பர் அடுக்குகளுக்கு அடியில், பழைய காரைப் பூச்சு அப்படியே இருக்கிறது. நகத்தளவு இடத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தால் சுரண்டிப் பார்த்தேன். இளம்பச்சை, கிரீம், ரோஜா நிறம், மறுபடி பச்சை, பிறகு நீலம் கலந்த வெள்ளைச் சுண்ணாம்பு நாலைந்து முறை, கடைசியில் ஆள்காட்டி விரலுக்கு வழவழவென்று, குளிர்ச்சியாக, பீங்கான் போல ஒரு வெண்மை. அதன்மேல் கை வைத்த நிமிடம் சுவர் முழுவதையும் சுரண்டிவிட வேண்டும் என்று தோன்றியது. மேஸ்திரி தடுத்தார். டிஸ்டம்பரைச் சுரண்டும்போது மெருகும் சேர்ந்து போகும், ஒரு சுவருக்கே ஒரு மாதம் ஆகும் என்றார். அவர் சொன்னது சரி.

சுவருக்கான வழிகளை இப்படி எடை போட்டோம். சிமென்ட்டை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுவது நிரந்தரத் தீர்வு, ஆனால் மூன்று மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிமென்ட்டின்மேலேயே வாட்டர்புரூஃபிங் கோட்டிங் அடிப்பது இரண்டு நாள் வேலை, கடைக்காரர்கள் எல்லோரும் பரிந்துரைப்பது. அதை நாங்கள் 2011-இல் ஒருமுறையும் 2017-இல் ஒருமுறையும் செய்தோம். இரண்டு முறையும் மூன்று மழைக்காலம் தாண்டவில்லை. மூன்றாவது, சிமென்ட் பூசிய நான்கடியை மட்டும், ஒரு நேரத்துக்கு ஓர் அறையாக, எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் பெயின்ட் அடிக்காமல் சுண்ணாம்பு வெள்ளையே அடிப்பது. மேலே உள்ள பழைய காரையைத் தொடாமல் விடுவது. மூன்றாவதைச் செய்கிறோம். முதல் அறையில் சிமென்ட்டை எடுத்ததும் செங்கல் இரண்டு மாதம் ஈரம் விட்டுக்கொண்டே இருந்தது. அதைக் காய விடாமல் பூசினால் பயன் இல்லை. பொறுமை இல்லாதவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அந்த வேலையில்தான் வாசல் நிலைக்கு அருகில் விளக்கு மாடம் வெளிப்பட்டது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் அப்படியே இருந்தன. இதில் ஒப்பிட எதுவும் இல்லை. திறந்து, துடைத்து, அன்று மாலையே அகல் வைத்தோம்.

தூண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் பெட்டிகளுக்குள் முழுத் தேக்குத் தூண்கள், கருங்கல் அடிப்பீடத்தோடு இருந்தன. பிளைவுட்டின் உட்புறம் முழுக்கக் கரையான் மண் பாதை போட்டிருந்தது. தேக்கை அது இன்னும் அதிகம் தொடவில்லை. ஆகவே பெட்டியை எடுத்தே ஆக வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. தூணின்மேல் இருக்கும் பழைய எனாமல் பெயின்ட்டை என்ன செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உலர் உப்புத்தாளால் தேய்த்தால் அது தூளாகக் காற்றில் பரவும், தீ வைத்து உருக்கினால் புகையாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டும் ஆபத்து. முதலில் வந்த ஆசாரி மெஷின் வைத்துத் தேய்க்கலாம் என்றார், மறுத்துவிட்டோம். மண்ணடியில் பெயின்ட் ரிமூவர் வாங்கிவந்து தடவி, ஊறவைத்து, ஈரமாகவே சுரண்டி, கழிவை மூட்டையாகக் கட்டி வெளியேற்றினோம். அதற்கு மனமில்லாதவர்கள் சுரண்டாமல், பழைய அடுக்கு உரியாமல் இருந்தால் அதன்மேலேயே புதுப் பெயின்ட் அடித்துவிடலாம். அது குறைவான வழி அல்ல. ஒரு பழைய மர வியாபாரி நான்கு தூண்களுக்கும் நல்ல விலை சொன்னார். தூண் மேலே உள்ள உத்திரத்தைத் தாங்குகிறது. அதை விற்பதைப் பற்றிப் பேசுவதே தவறு. ஆனால் எங்கும் பொருத்த முடியாமல் பரணில் கிடந்த இரண்டு பழைய கதவுகளை விற்றோம், அதில் வருத்தம் இல்லை.

கடைசியாக முற்றம். நான்கு தூண்களுக்கு நடுவே எட்டடிக்கு எட்டடிச் சதுரம், மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே டைல்ஸ். இதைத் திறந்துவிட வேண்டும் என்பது வீட்டில் அனைவருக்கும் உள்ள ஆசை. வீட்டின் நடுவில் வெளிச்சமும் காற்றும் வந்தால் பகலில் ட்யூப் லைட் போட வேண்டியதில்லை. ஏன் மூடினார்கள் என்று யாரைக் கேட்பது? எதிர்வீட்டு ஆயாவைக் கேட்டேன். அவர் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து அறுபது ஆண்டு ஆகிறது.

“தெறந்துதான் தம்பி இருந்துச்சு. முன்னலாம் பேஞ்ச மழ அப்டியே ஜலதாரையில தெருவுக்குப் போயிடும். அப்புறம் ரோடு மேல ரோடு போட்டானுங்க பாரு, தெரு ஒசந்துபோச்சு. தெருத் தண்ணிதான் ஜலதாரை வழியா வூட்டுக்குள்ள வரும். அவங்க ஒரு வாட்டி ராவெல்லாம் வாரி வாரி ஊத்துனாங்க. அதுக்கு அடுத்த வருசம்தான் மூடுனது.”

கீழே டைலை எடுத்துப் பார்த்தபோது ஜலதாரை இருந்தது. செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து அடைத்திருந்தார்கள். வாசலில் நின்று மட்டம் பிடித்தோம். சாலை எங்கள் முற்றத்துத் தரையைவிட ஏழு அங்குலம் உயரத்தில் இருக்கிறது. முற்றத்தின் பரப்பு ஏறக்குறைய 6 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் அந்தச் சதுரத்தில் மட்டும் 600 லிட்டர் விழும். சுற்றியுள்ள சாய்ப்புகளின் தண்ணீரும் உள்ளே இறங்கும் என்பதால் உண்மையான அளவு அதைப்போல் சில மடங்கு இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் 100 மி.மீ. மழை இந்த ஊருக்குப் புதிதல்ல.

எனவே முழுதாகத் திறப்பது என்றால், தெருவுக்குப் போகாமல் தண்ணீருக்கு வேறு போக்கிடம் வேண்டும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட 2003-க்குப் பிறகு தோண்டிய ஒரு கிணறு பின்கட்டில் இருக்கிறது. அதற்குக் குழாய் இழுக்கலாம். ஆனால் தொடர்மழையில் எங்கள் தெருவில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும், கிணறு உறிஞ்சாது. இரண்டாவது வழி, ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு, இரண்டடி உயர்த்தி கனமான கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் கூரை போட்டு, நான்கு பக்கமும் காற்று வரக் கம்பி வலை வைப்பது. மழை உள்ளே விழாது, வெளிச்சம் வரும், சூடான காற்று மேலேறி வெளியே போகும். வானம் நேராகத் தெரியாது என்பது மட்டும் குறை. மூன்றாவது வழி, இப்போது இருப்பதுபோலவே விடுவது. ஆஸ்பெஸ்டாஸ் ஓடு பழசாகி நார் உதிரும் நிலைக்கு வந்தால் மூன்றாவது வழி இல்லாமல் போய்விடும். எங்கள் ஓட்டில் ஓர் ஓரம் உதிரத் தொடங்கிவிட்டது. அதை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும்.

என் மனம் முதல் வழியில் இருக்கிறது, அறிவு இரண்டாவதில் இருக்கிறது. மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில், சாலையை அடுத்த முறை போடும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லித் தெருக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறோம். ஏழு அங்குலத்தில் நாலு அங்குலம் குறைந்தாலும் கணக்கு மாறும். இதற்கிடையில், ஜலதாரையின் அடைப்பில் ஒரு செங்கல்லை மட்டும் எடுத்து, அந்த வாயருகே தரையில் அங்குலத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே நான்கு மணல் மூட்டைகள் தயாராக இருக்கின்றன. வரும் ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் எந்தக் கோடு வரை வந்து, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் ஓட்டை இறக்க ஆள் சொல்லப் போகிறோம்.